உன்னிச்சைக் குளத்தடியில் சொன்ன பொய்

வலையிறவுப் பாலம் ஏறும்போது இன்னும் விடியவில்லை.
சதக்கத்துல்லா முன்விளக்கைத் தணித்து
வானுக்குள் விளக்கைப் போட்டான்.
ஏன் என்று பின்சீற்றிலிருந்து கேட்டார்கள்.
பழக்கம், என்றேன்.
இவடத்தில் ஒரு சென்றி இருந்தது என்று சொல்லவில்லை.
ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம்,
அது பறவைகளுக்கு மட்டும்தான்.

மார்த்தேன் ஒல்லாந்துக்காரர், ஓய்வுபெற்ற பல்வைத்தியர்.
பறவைகளை எப்போதோ முடித்துவிட்டார்.
இப்போது கூடுகள், முட்டைகள்.
நாற்பத்தாறு படங்களை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார்,
ஒவ்வொன்றும் பிடுங்கிக் கழுவிய பல்லைப்போல் துப்புரவு.
ஆள்காட்டியின் முட்டை மட்டும் இன்னும் அகப்படவில்லையாம்.

வைகாசி. குளம் பாதி வற்றி
வெடித்த சேற்றில் எருமைகளின் குளம்படி.
நத்தைகுத்தி நாரை. நீர்க்காகம். தூரத்துத் தண்ணீரில் கூழைக்கடாக்கள்.
என் விரல் நீண்ட பக்கமெல்லாம்
அவருடைய தொலைநோக்கி திரும்பியது.
பன்னிரண்டு வருடமாய்
இந்த ஒரு விரலால்தான் சாப்பிடுகிறேன்.

மறுகா அது எழும்பியது.
தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே கூச்சல்.
"இங்கிலீசில் இது என்ன கேட்கிறது தெரியுமா?" என்றார்,
"நீயா செய்தாய்? நீயா செய்தாய்?"
சிரித்தார்.
சம்பளத்துக்குள் அடங்குமளவு நானும் சிரித்தேன்.

எங்களிடம் அது ஒன்றும் கேட்டதில்லை.
இரவில் வயலுக்குக் குறுக்கே போனவனை
எல்லாத் துவக்குக்கும் பொதுவாய்க் காட்டித் தந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாய் விட்ட நாள்
ஜீப்புக்குள் ஒரு சாக்கு இருந்தது,
சாக்கில் இரண்டு ஓட்டை.
சீனித்தம்பி மாஸ்டரின் மகன் இதயராசா
எனக்கு முன்னால் நின்றான்.
அவனுக்குச் சாக்கு ஆடியது.
எனக்கு ஆடவில்லை.
ஓட்டைக்குள் இமை ஒருதரம் மூடித் திறந்தது, அவ்வளவுதான்.
அந்தக் கண் யாருடையதென்று
இன்றைக்கும் மீன் வாங்குகிற இடத்தில்
முகம் முகமாய்த் தேடுகிறேன்.

"ஐயோ, செட்டை முறிந்துவிட்டது!"
மார்த்தேன் கத்தினார்.
பறவை ஒரு பக்கத்துச் செட்டையை நிலத்தில் இழுத்து
நொண்டி நொண்டி ஓடியது.
முறிவு ஒன்றுமில்லை. நடிப்பு.
அது இழுத்துப்போகும் பக்கத்தை விட்டுவிட்டு
எதிர்ப்பக்கம் பார்க்கவேண்டும்.

பார்த்தேன்.
என் செருப்பிலிருந்து எட்டடி.
காய்ந்த சாணிக்கும் பரற்கல்லுக்கும் நடுவே
சேற்று நிறத்தில் கறுப்புத் தெறித்த நாலு,
கூர்முனை நாலும் உள்ளே சேர.
ஒன்றில் மயிரிழை வெடிப்பு.
உள்ளேயிருந்து தட்டுகிறார்கள்.

முக்காலியை நட்டால்
அவருக்கு முக்கால் மணித்தியாலம் வேண்டும்.
அதுவரை தாய் வராது. வெயில் வரும்.

"எங்கே?" என்றார்.
ஐயாயிரம் கூடத் தருகிறேன் என்றும் சொன்னார்.
காசு வேண்டாமென்று சொல்ல நான் அவ்வளவு நல்லவனில்லை.
மோட்டர்சைக்கிளுக்கு லீசிங் கட்டவேண்டும்,
மகளுக்கு ரியூசன்.
நாக்கு அரைவாசி எழும்பிவிட்டது.

ஆள்காட்டி ஆளைக் காட்டும்,
முட்டையை ஒருநாளும் காட்டாது.

கையைத் தூக்கினேன்.
அது நொண்டிப்போன திசைக்கே விரலை நீட்டி,
"அங்கே. அந்தப் பற்றைக்குப் பின்னால்."

வெயிலில் ஒரு மணித்தியாலம் நடந்தார் பாவம்,
முன்னால் அது, அதற்குப் பின்னால் நான்,
இரண்டு பேருக்கும் கால் நல்ல சுகம்.
தொப்பிக்குள் வியர்த்து, முழங்காலைத் தடவி,
கடைசியில் ஒரு உடும்பைப் படமெடுத்தார்.

திரும்பும்போது சதக்கத்துல்லா
கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தான்.
கண்டதா என்று புருவத்தால் கேட்டான்.
தலையை ஆட்டவில்லை.
ஒருதரம் இமைத்தேன்.

"நாளைக்கும் வருவோமா?" என்றார் மார்த்தேன்.
நாளைக்கு நாலும் கால் முளைத்து
பற்றைக்குள் ஓடித் திரியும்.
ஓமோம், வருவோம், என்றேன்.