கனத்த ஆக்சில்

முகுந்தராயர் சத்திரத்து மணலில்
நடுராத்திரி, ஜீப்புக்கு அடியில் ஒரு சத்தம்.
பதினெட்டுப் பெட்டி சூடைமீன்.
ஐஸ் உருகி என் காலில் ஊறியது.

சீனி நைனா உருவிக் காட்டினார்:
முறிந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்த துரு,
ஒரு விரலகலம் புது வெள்ளி.
"நேத்து உடையலம்மா.
ரெண்டு வருசமா உடைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.
நீங்க ஓட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

பரமக்குடிக் காயலாங்கடையில்
டெம்போ ஒன்றின் கனத்த ஆக்சில்.
இடது தோடு அதற்கு,
வலது தோடு கடைசல் கூலிக்கு.

"இனி உடையாதே?"
"இது உடையாது."
கிரீஸ் கையை மண்ணில் தேய்த்தார்.
"அடுத்து இளைச்சது எதுவோ, அது."

கச்சான் மணலை வழிமேல் ஏற்றுகிறது.
முதல் கியர். நாலு சக்கரமும் கடிக்கிறது.
பழைய முனகல் இல்லை.
எதற்குக் காது கொடுப்பதென்று தெரியாமல்
ஓட்டுகிறேன்.