கூண்டு நாள்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்:
கிறிஸ்துமஸுக்குள் முந்நூறு பாட்டில்.
மகன் கணக்கு நோட்டில் கிழித்த தாள்,
மாதா படம் போட்ட காந்தம்.

நாலரைக்கு எழும்பணும்.
ஏழுக்குள் இறால் உரித்து,
ஸ்கூல் வேன் ஹாரனுக்கு முன்னால்
உப்பும் மஞ்சளும் பிசறி,
பதினொன்றுக்கு எண்ணெய் காய வேண்டும்.

கரண்டு பற்றி அதில் எழுதவில்லை.
தங்கச்சிமடத்துத் தண்ணி வண்டி பற்றியும்.
"வீட்டுலதானே இருக்க" என்று வந்து
ஒரு மணிநேரம் உட்காரும்
ஜெர்மீனா பற்றியும்.

கடைக்காரர் ஷட்டரை இழுத்தால்
கடை சாத்தியாச்சு.
என் கடை அடுப்படி.
ராத்திரி பத்தரைக்கும் போன்:
"அக்கா, காரம் கம்மியா ரெண்டு."

நேற்று பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டார்கள்,
மூன்றாம் எண்.
டோக்கன் இல்லை, படகு இல்லை, இறால் இல்லை.
நூற்று எழுபத்தெட்டில் நிற்கிறது
என் முந்நூறு.
அழவில்லை. குழுக் கடன் தேதியை மட்டும்
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பிறகு பேனா எடுத்து
அதே தாளில் புதுக் கட்டம் போட்டேன்:
கூண்டு நாள்.
பாட்டில் கழுவ. பூண்டு உரிக்க.
யார் யார் காசு தரவில்லை என்று பார்க்க.

கடலுக்குப் போகாத அந்திரேயாஸ்
மூன்றாம் தடவை தேத்தண்ணி கேட்டார்.
பசையையும் லேபிள் கட்டையும்
அவர் பக்கம் நகர்த்தினேன்.
முதல் அஞ்சும் கோணல்.
ஆறாவது நேராக விழுந்தது.

முந்நூறை அடித்து
இருநூற்று நாற்பது என்று எழுதினேன்.
கீழே, பொடி எழுத்தில்:
எட்டு மணிக்கு மேல்
போன் அரிசி டின்னுக்குள்.

இப்போது எட்டு இருபது.
வெளியே காற்று.
அரிசிக்குள் என்னவோ உறுமுகிறது.