எண் பொருத்தம்

இஷ்பெமிங்கில் ஜனவரியில் பனி விழாத இரவு
லாட்டரி மாதிரி.
கலப்பை கட்டிய லாரிக்கு வேலையில்லை,
அதை ஓட்டும் ரோவீனா லாஹ்திக்கும் இல்லை.
கராஜில் கெரசின் ஹீட்டரைப் பற்றவைத்து
கவிழ்த்த பால்கூடைமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

எதிரே இரண்டு ஸ்டாண்டில் இரண்டு எஞ்சின்கள்.
நடுவே வாய் பிளந்து
எழுபதாம் வருஷத்து ரோட் ரன்னர்.
பானெட் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.
ஹெட்லைட் குழியொன்றில் மட்டும்
யாரோ எப்போதோ செருகிய டென்னிஸ் பந்து.

கையில் இருக்கிற காசு ஒரு எஞ்சினுக்கு.
துளை தீட்டி, கிராங்க் கடைந்து, பிஸ்டன் மாற்ற
இரண்டு குளிர்காலத்து ஓவர்டைம்.

முந்நூற்று எண்பத்துமூன்று காரோடு வந்தது.
அதன் அடிவிளிம்பில் பொறித்த எண்ணும்
கண்ணாடியோரத் தகட்டில் இருக்கும் எண்ணும் ஒன்று.
விற்ற பெர்க்டால் அதைக் கட்டைவிரலால் தடவி
"கூடவே பிறந்தது" என்றான்.
எண் பொருந்தினால் விலை இரட்டிக்குமாம்.
பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை விரிப்பதுபோல
வருகிறவனெல்லாம் முதலில் குனிந்து அதைத்தான் பார்க்கிறான்.
ஓடுமா என்பது
பஜ்ஜி சாப்பிட்ட பிறகு கேட்கிற கேள்வி.

நானூற்று நாற்பதுக்கு ஜாதகம் கிடையாது.
எஸ்கனாபா பக்கம் ஒரு வயலில் மக்கிய
மோட்டார் ஹோமிலிருந்து கழற்றியது.
கட்டில், கக்கூஸ், காபி அடுப்பு, ஒரு குடும்பத்தின் சண்டை
எல்லாவற்றையும் மலையேற்றிய எஞ்சின்.
கார்புரேட்டரைத் தூக்கினால் உள்ளே எலிக்கூடு,
முழுக்க முழுக்கக் கிழித்த ரோடு மேப்.
ஒரு துணுக்கில் 'வயோமி' வரை இருந்தது.
மிச்சத்தை எலி தின்றுவிட்டதோ, படித்துவிட்டதோ.

கடைசல் பட்டறை ட்ரெவாரோ மத்தியானமே சொல்லிவிட்டான்:
"பெரியது தள்ளும். சின்னது சுழலும்.
எது வேணும்னு நீ சொல்லு, எனக்கு இரும்பெல்லாம் ஒண்ணு."

எண்ணை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று
கம்பி பிரஷ் எடுத்தாள். அவ்வளவுதான்.
சுற்றிலும் வார்ப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்க
எண் இருந்த இடம் மட்டும் வழவழ.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
கிரைண்டர் போன பிறை பிறையான தடம்.
ஏழு சற்றே சாய்ந்திருந்தது.
ஏழுக்கு அடியில், தேய்த்தும் போகாத
ஓர் எட்டின் வயிறு.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள்.
இங்கே எட்டு இலக்கத்தில் ஒன்றே போதுமாயிருந்தது.

பெர்க்டாலுக்குத் தெரியுமா?
அவனுக்கு விற்றவனுக்கு?
கோபம் வரும் என்று காத்திருந்தாள்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல.
வரவில்லை.
ஹீட்டர் இருமியது.
அரை மணிக்கு முன்னால்வரை கைவைக்கக் கூசிய பொருள்,
இப்போது வெறும் இரும்பு. அளக்கலாம்.

அளந்தாள்.
நாலேகால், நாலேகால், மூன்றாவதில் மயிரிழை கூட,
மறுபடி நாலேகால்.
எட்டு துளையும் ஆலை விட்டபடி,
ஒருவனும் கடையவில்லை.
பெயர் மாற்றிக் கூட்டிவந்த யார் வீட்டுப் பிள்ளையோ,
உடம்பில் குறையில்லை.

ட்ரெவாரோவுக்குப் போன் போட்டபோது மணி பதினொன்றரை.
"சின்னது."
"எண்ணுக்காகவா?"
"எண் பொய்."
கொஞ்ச நேரம் அவன் வீட்டு டிவி மட்டும் பேசியது.
"அப்ப பெரியதைப் போடேன், பைத்தியமே. தடுக்க யார் இருக்கா?"
"நாள் பூரா தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன், டெஸ்மண்ட்.
ராத்திரியாவது சுழலணும்."

எலிக்கூட்டைக் கலைக்காமல் அள்ளி
காலி காபி டப்பாவில் வைத்தாள்.
நானூற்று நாற்பதின்மேல் தார்ப்பாயைப் போர்த்தி
விளிம்பைச் செருகினாள். அது ஒன்றும் கேட்கவில்லை.

ஜன்னலில் முதல் பனித்துகள் ஒட்டியது.
இன்னும் பத்து நிமிஷத்தில் ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள்.
பூட்ஸை மாட்டும்வரை
தலைகீழாய்த் தொங்கும் எஞ்சினின் கிராங்கை
வெறுங்கையால் சுற்றிப் பார்த்தாள்,
ஒரு சுற்று,
பிறகு இன்னொன்று.