நாடாவின் மறுமுனை

என் வேலை சின்னது.
விக்கிரமசூரிய மாத்தையா எழுதுவார்.
நான் நாடாவின் பூச்சிய முனையைச்
சுவரோடு அழுத்திப் பிடிப்பேன்.
பதினேழு வருஷமாயிற்று.
வடகொழும்பில் என் கட்டைவிரல் படாத சுவர் குறைவு.

சோலை வரி என்கிறோம்.
யார் வைத்த பெயரோ.
தோட்டம் என்றும் சொல்கிறோம்:
ஒரு தோட்டத்தில் நாற்பத்தொரு கதவு,
இரண்டு பொதுக் குழாய்,
பச்சையாய் இருப்பது தண்ணீர்த் தாங்கி மட்டும்.

இன்றைக்குக் கொட்டாஞ்சேனை.
இலக்கம் ஐம்பத்தெட்டின் கீழ் பத்தொன்பது.
நிஹாராவின் வீடு.
இடியாப்ப ஆவியில் நாடாவின் எண்கள் வியர்த்தன.
மேலே ஓர் அறை போட்டிருக்கிறாள்,
பலகையும் தகரமும், ஏணி மாதிரி ஒரு படி.
மகனுக்குக் கலியாணம் பேசியாயிற்று.
"பதினொன்று. எட்டேகால்" என்று நான் கத்த,
மாத்தையா அதை ஆண்டுப் பெறுமதி ஆக்கினார்.

"அறைக்கு மட்டுமா கூட்டினீங்க?"
"இல்லை. இந்தப் பக்கம் காணி விலை ஏறிட்டுது."
ஏன் ஏறியது என்று அவள் கேட்கவில்லை.
தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

மதிலுக்கு அந்தப்புறம் இருபத்திரண்டு மாடி.
பத்து மணிக்குள் அவள் பங்கு வெயிலை
எடுத்துக்கொண்டு விடுகிறது.
நிழல் விழுந்த நிலத்துக்குத்தான் விலை.
அந்தக் கணக்கு ஈரச் சேலைக்குத் தெரியாது,
மூன்று நாளாகக் கொடியில் கிடக்கிறது.

மாடிக்கும் தோட்டத்துக்கும்
ரோட்டுக்கு அடியில் ஒரே குழாய்.
ஒன்பது அங்குலம், சுட்ட மண்.
போட்ட வெள்ளைக்காரன்
முப்பது வீட்டை எண்ணிப் போட்டுவிட்டுக் கப்பலேறினான்.
இப்போது காலை ஆறரைக்கு
நூற்றெழுபது குளியலறை ஒன்றாய்த் திறக்கின்றன.
மழை பெய்தால் மூடி எழும்புகிறது.
அவர்கள் இறக்கியது
இவள் வாசலில் ஏறுகிறது.

அனுமதிக் காசு பெரிய காசுதான்.
வவுச்சரை நான்கூடப் பார்த்தேன்.
ஒரே ஒரு தடவை வந்தது.
எங்கே போனது?
திருடினார்கள் என்று எழுத ஆசை,
எழுதினால் இது சுலபமாய் முடிந்துவிடும்.
அது குப்பை லொறியின் டீசலுக்குப் போனது.
பகலில் வந்து லஞ்ச் ஷீட்டை எறிந்துவிட்டு
மாலை ரயிலேறிப் போகிறவர்கள்
எந்தப் பதிவேட்டிலும் இல்லை;
அவர்கள் போனபின் கூட்டுகிற செல்வமலரின்
ஓவர்டைமுக்குப் போனது.
என் சம்பளத்துக்கும்.
குழாய்க்கு 'அடுத்த வருஷம்' என்று போட்டார்கள்.
அடுத்த வருஷமும் அப்படியே போட்டார்கள்.

நிஹாரா தேநீர் தந்தாள்.
"கட்டமாட்டேன்னு சொல்லல்ல.
ஜனவரி முடிய முன்ன கட்டினா பத்து வீதம் கழிவாமே,
அதைப் பிடிக்கத்தான் சீட்டுப் போடுறேன்.
ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன்.
என்ட வீட்ட அளக்க ரெண்டு பேர் வந்தீங்க.
குழாய அளக்க எப்ப வருவீங்க?"

மாத்தையாவுக்குத் தமிழ் கால்வாசி விளங்கும்.
என்னவாம் என்று என் முகத்தைப் பார்த்தார்.
நான் சிங்களத்தில் சொன்னேன்:
தேநீருக்குச் சீனி போதுமா என்று கேட்கிறாள்.

போதும் போதும், என்று அவர் சிரித்தார்.

கொட்டாஞ்சேனைக்காரிக்குச் சிங்களம் தெரியாமலா?
கோப்பையில் பாதி மிச்சம் இருக்க
என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.
அவரிடமே கேட்டிருக்கலாம், அவர் பாஷையிலேயே.
என்னிடம்தான் கேட்டிருக்கிறாள்.
அது விளங்க எனக்குப் பின்னேரமாகிவிட்டது.

பின்னேரம் வான் வந்தது. மாத்தையா முன்னால் ஏறினார்.
ரோட்டு நடுவில், அந்த இரும்பு மூடியின்மேல் நின்று
நாடாவைச் சுருட்டினேன்.
கடைசி அடி உள்ளே போகிறபோது
காலுக்குக் கீழே ஏதோ கொடகொடவென்று ஓடியது.

நூற்றெழுபதில் யாரோ
கை கழுவியிருக்க வேண்டும்.