காத்திருங்கள், லைன் தருகிறேன்

படிவத்தில் ஒரு கட்டம்:
இணைப்பைத் துண்டிக்கக் காரணம்.
கவுண்டர் பையன் பேனாவை நீட்டினான்.
"தேவையில்லைன்னு போடுங்கக்கா,
எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

காரைக்குடி டெலிபோன் ஆபீஸ்.
இதே கட்டிடத்து மாடியில்தான்
முப்பத்தோரு வருஷம்
ஊரைக் காதில் மாட்டிக்கொண்டு
உட்கார்ந்திருந்தாள் என் அம்மா.

பெயர் கொப்பாத்தாள்.
சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர்
"கோமதின்னு வச்சுக்கலாமே" என்றாராம்.
"அம்மன் பேருங்க சார்.
அவளைச் சாட்சி வச்சுத்தான்
எங்கப்பா கடன் வாங்கிப் படிக்க வச்சாரு.
முழுசா எழுதுங்க."

பினாங்கு, மலாக்கா, கொழும்பு
ஒன்றையும் பார்த்ததில்லை.
இரைச்சலை வைத்தே சொல்வாள்,
அங்கே இப்போது மழை என்று.

சாவுச் செய்தி
முதலில் அவளுக்குத்தான் கேட்கும்,
வீட்டுக்காரர்களுக்கு அடுத்த விநாடி.
ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும்
சோப்புப் போட்டு இரண்டு காதையும் கழுவுவாள்.
அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

செட்டிநாட்டுக்காரி என்றால்
வெளியூரில் குழம்பைப் பற்றிக் கேட்பார்கள்.
என் அம்மா வைத்த குழம்பைத்
தெருநாய் முகர்ந்துவிட்டு யோசிக்கும்.
உப்புப் போட்டோமா என்று
நினைத்துக்கொண்டிருக்கும்போதே
இன்னொரு முறை போட்டிருப்பாள்.

பீரோவைக் காலி செய்தபோது
எல்.ஐ.சி. ரசீதுகளுக்கு அடியில் ஒரு மெமோ.
பதினோரு நிமிடம் பேசவிட்டு
மூன்று நிமிடத்துக்கு டிக்கெட் எழுதியதற்கு
விளக்கம் கேட்டிருந்தார்கள்.
மிச்சக் காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அந்தக் கதை எனக்குத் தெரியும்.
"பேசவே இல்லைடி.
கோட்டையூர்ல அந்தப் பொண்ணு
பெத்து ஒரு மாசப் புள்ளையைக் கிள்ளி
அந்தப் பக்கம் அவருக்குக் கேக்கட்டும்னு
அழ வச்சுச்சு.
புள்ளை நிறுத்துனாத்தானே!
அழுற புள்ளையப் பாதியில கட் பண்ணச் சொல்றியா?"

ரிட்டையர் ஆன பிறகு
அவளுக்கு ஒரே ஒரு சந்தாதாரர்,
என் மகள் நிறைமதி.
எவர்சில்வர் டம்ளரைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும்.
"நம்பர் சொல்லுங்க."
நிலாவுக்குப் போட்டுத் தருவாள்.
எதிர்வீட்டுப் பூனைக்கு.
கேட்டால் மதுரைக் கலெக்டருக்கும்.
ஒரு சாயங்காலம் குழந்தை
"அப்பாவுக்குப் போடு" என்றது.
அடுப்படியில் நான் கையில் கரண்டியோடு நின்றேன்.
அவர் போய் அப்போது இரண்டு வருஷம்.
அம்மா அவசரப்படவில்லை.
"அந்த எண் உபயோகத்தில் இல்லை கண்ணு.
வேற யாருக்குப் போடட்டும்?"
"உனக்கே போடு."
டம்ளரை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு
"வணக்கம், கொப்பாத்தாள் பேசறேன்" என்றாள்.
அன்றைக்கு
இரண்டு பேரும் இருட்டும்வரை பேசினார்கள்.
யாரும் நிமிடம் எண்ணவில்லை.

ஆஸ்பத்திரியில் எண்ணினார்கள்.
ஐ.சி.யூ.வில் மூன்று நிமிடம்தான், அதற்கு மேல் கூடாது.
குனிந்து நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்,
சொல்ல வேண்டாததையும்.
நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள்.
படி இறங்கும்போதுதான் உறைத்தது,
நான் நின்றது இடது பக்கம்.
ஹெட்செட் தின்ற காது அது.
பதினைந்து வருஷமாக
அதில் யார் சொன்னதும் விழுந்ததில்லை.

தேவையில்லை என்றே எழுதினேன்.
பையன் சீல் வைத்தான்.
டெபாசிட் திரும்பி வர
ஒரு மாதம் ஆகுமாம்.

நாலு நாள் கழித்து
நிறைமதி அந்த எண்ணை அழுத்தி
ஸ்பீக்கரில் வைத்தாள்.
பதிவு செய்த பெண்குரல்,
நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.
இன்னொரு முறை.
மறுபடியும் அதே குரல்.
பதினேழு வயதுக்காரி உதட்டைச் சுழித்தாள்.
"ஆயா இதைவிட நல்லாச் சொல்லுவாங்கம்மா."