ரன்வாவின் வாரம்

கடலுக்கு அடியில் போகும் சுரங்கச் சாலை,
பாதி தூரம் இறக்கம், பாதி ஏற்றம்.
இறக்கத்தில்தான் அந்தச் சத்தம்:
தகரத்தைத் தகரம் கீறினாற்போல் கிளம்பி
சுவரில் மோதி, என்னை முந்திக்கொண்டு ஓடி,
எதிரே வந்த லாரிக்காரன்
விளக்கை ஒருமுறை அணைத்துக் காட்டினான்.

அலறுவதற்கென்றே பேடில் ஒரு சின்ன நாக்கு உண்டு.
குனிந்து பார்க்காத ஆட்களை
முன்கூட்டியே அறிந்திருந்த எவரோ
வளைத்து வைத்த நாக்கு.

"உன் வாரத்தில் தொடங்கியது" என்றேன் ரன்வாவிடம்.
"உன் வாரத்தில்தான் பெரிதானது."
தொண்ணூற்றேழாம் வருடத்து கொரோலா,
அக்கா தங்கை இருவருக்கும் ஒன்றே.
திங்கட்கிழமை சாவி கைமாறும்.
பெட்ரோல் முள் எப்போதும்
வாங்குகிறவளுக்கு எதிராகவே நிற்கும்.
பிப்ரவரியிலிருந்து கையில் கொடுப்பதில்லை,
தபால் பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

சனிக்கிழமை, மழை மூன்று மணி நேரம் விட்டது.
பின்சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து
ஜாக் ஏற்றி முன் இடது சக்கரத்தைக் கழற்றினேன்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்.
கிளாக்ஸ்விக்கில் உப்புதான் தின்கிறது,
தண்ணீரையும் அதுவே குடிக்கிறது,
நமக்கு மிச்சம் துரு.
பதினான்காம் நம்பர் ஸ்பேனரின் மேல்
முழு உடம்போடு ஏறி நின்ற பிறகே
போல்ட் முனகிக்கொண்டு சம்மதித்தது.
காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல்
வேலிக் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டினேன்.

வெளிப்பக்கத்து பேட் நேற்று வாங்கியதுபோல் இருந்தது.
உள்பக்கத்தது ஒரு தாள் கனம்,
ஒரு மூலையில் அதுவும் இல்லை.

வழுக்கி நகர வேண்டிய பின் இறுகிப்போயிருந்தது.
பிஸ்டன் தள்ளும்போது
காலிப்பரும் நகர்ந்து வந்தால்தான்
வெளிப்பக்கமும் கூடச் சேர்ந்து பிடிக்கும்.
நகரவில்லை.
எத்தனை மாதங்களின் மிதிகள்,
அத்தனையும் ஒருத்தியின் முதுகில்.

பின்னைச் சுரண்டினேன், உப்புத்தாள் போட்டேன்,
புது கிரீஸ் தடவி உள்ளே விட்டபோது
விரல் பட்டாலே நகர்ந்தது.
ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டும் குழலால்
தொட்டியிலிருந்து பழைய எண்ணெயை உறிஞ்சினேன்:
கடுங்காப்பி நிறம்.
அதை முழுக்க வடிக்க இன்னொரு கால் வேண்டும்.
தெருவில் எனக்குத் தெரிந்த இன்னொரு கால்
எதிர்வீட்டில்தான் இருந்தது.

ஆலைப் பூட்ஸோடு வந்து உட்கார்ந்தாள்.

மிதி.
மிதித்தேன்.
பிடித்துக்கொள், திறக்கிறேன்.
தரையைத் தொட்டுவிட்டது.
விடாதே.
விடவில்லை.
மூடியாயிற்று. விடு.

பதினேழு முறை.
பிப்ரவரிக்குப் பிறகு நாங்கள் பேசியதில்
இதுவே நீளமானது.

கைதுடைக்க வந்தவள்
செய்தித்தாளில் கிடந்த இரண்டு பேடையும் பார்த்தாள்.
கனத்தது ஒன்று, தேய்ந்தது ஒன்று.
ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டினாள்.
நானும் நீட்டினேன்.
இருவர் விரலும் தேய்ந்ததன் மேலேயே பட்டன.

அவள்தான் முதலில் சிரித்தாள்.
அல்லது இருமினாளோ, காற்று அப்படி.

புறப்படுமுன் பெடலை நாலைந்து முறை மிதித்து
இறுக்கம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.
போன தடவை அதை மறந்து
பக்கத்து வீட்டு ஹானுஸின் இறைச்சிக் கொட்டகைவரை
மெதுவாக, மிக மரியாதையாக உருண்டு போனேன்.
அதை இவள் இன்றுவரை மறக்கவில்லை.
"மிதித்தாயா?"
"மிதித்தேன்."
"மறுபடியும் மிதி."

ஆளில்லாத சாலையில் எட்டு முறை
வேகமெடுத்து, தணித்து, வேகமெடுத்து,
புதுப் பேடும் பழைய டிஸ்கும் பழக வேண்டுமல்லவா.
சரிவில் நின்ற ஆடுகள் மெல்லுவதை நிறுத்திப் பார்த்தன.
கருகிய நெடி கொஞ்சம் வந்தது, போயிற்று.

பிறகு சுரங்கம், இறக்கம்.
மிதித்தேன்.
எதுவும் கேட்கவில்லை.

கடலுக்கு அடியில் அவ்வளவு அமைதி
எங்கள் இருவருக்குமே கூச்சமாக இருந்தது.
அந்த அமைதிக்குப் பின்னால்
வலதுபக்கம் எங்கிருந்தோ மெல்லிய ஓர் உறுமல்,
அத்தனை நாளும் அலறலுக்குள் ஒளிந்திருந்தது.
"பேரிங்" என்றாள் ரன்வா.
ஏற்றம் தொடங்கும்வரை
யார் வாரத்தில் என்று
இருவரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தோம்.