பற்றுச்சீட்டில் எழுதாதது

முதலாளி தலைமறைவான கப்பல்
ஏழு மாதமாய்த் துறைமுகத்துக்குள் துருப்பிடிக்கிறது.
வெள்ளிதோறும் படகில் தண்ணீர் கொண்டுபோவேன்.
குழாயை வாங்கி இறுக்குபவர் குதாதாத்,
இரண்டாம் எஞ்சினியர், ஒரு பல் வெள்ளி.
பாதி இங்கிலீஷ், பாதி கை.

ஊர் சங்காப் என்றார்.
சங்கா, ஆப்பா என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
பாரசீகத்தில் சங் என்றால் கல், ஆப் என்றால் நீர்.
நகரம் என்று தபால் முத்திரை மட்டும் சொல்லும்:
ஒரு பேக்கரி, மாதுளைத் தோட்டங்கள்,
கூரை போன கோட்டை.

அந்தக் கோட்டையை ஒரு படை
நாற்பது நாள் வளைத்து நின்றதாம்.
மலையடியிலிருந்து மண்ணுக்குக் கீழே,
ஆள் தவழும் அகலத்தில்,
எட்டு மைல் நடந்து வருகிறது அவர்கள் தண்ணீர்.
எதிரி அதன் மேலேயே கூடாரம் அடித்துத்
தாகத்தோடு திரும்பிப் போனான்.

பிறகொரு வருடம் நீர் நின்றது.
தண்ணீர் ஆண், தனியே விட்டால் வற்றிப்போவான்
என்றார்கள் ஊரில்.
குல்நார் என்ற கைம்பெண்ணை
அதற்கு மணம்முடித்து வைத்தார்கள்.
வருடத்துக்கு இத்தனை மூட்டை கோதுமை;
பதிலுக்கு அவள் இறங்கிக் குளிக்க வேண்டும்,
பனிக்காலத்திலும்.
நீர் வந்தது.
அவள் இருமி இருமிச் செத்தாள்.

நானும் விடவில்லை.
எங்களுக்குக் கன்னியாவில் ஏழு கிணறு;
தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் குத்தியவை,
ஏழும் சுடுநீர், ஒவ்வொன்றும் ஒரு சூடு என்றேன்.
"ஏழும் ஒரு தாய்க்கா?"
"ஒரு தாய்க்குத்தான்."
குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"கடைசி வருடம் அவள் கோதுமையைக் குறைத்தார்கள்."

மாசியில் கரையிறங்க ஒருநாள் அனுமதி கிடைத்தது.
பஸ் ஸ்டாண்டில் அந்தத் தாளின் மூலையை
மான் ஒன்று தின்றுவிட்டது.
மிச்சத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
கன்னியாவுக்கு வந்தார்.

ஏழு கிணற்று நீரிலும் முழங்கையை வைத்துப் பார்த்தார்,
பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறவர்போல.
ஐந்தாவதில் நின்றார்.
ஒரு வாளி மொண்டு,
தள்ளிப்போய், ஆளில்லாத கல்லின் மேல்
மெதுவாக ஊற்றினார்.
இன்னொன்று.
"குளிக்காட்டி வழிய விடுங்கோ" என்றது வரிசை.
மூன்றாவதை ஊற்றும்போது
கல்லிலிருந்து ஆவி எழுந்தது.
அவர் தோளை மூடிவிடுவதுபோல் கையசைத்தார்.

அடுத்த வெள்ளி நான்கு தொன் ஏற்றினோம்.
கையெழுத்துப் போட்டார். பணம்: பாக்கி.